புயல், ஃபராட்டா, கோலிக்குண்டு: கேயாஸில் தகவல் அழிகிறதா?

தைப்பூசக் காவடிக்கு நான்கு நாள் இருந்தது. மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில் ஊர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் கோயில் மடப்பள்ளியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். புயல் எச்சரிக்கை முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிட்டதாக வானொலி சொன்னது. வாசலில் முந்தின நாள்தான் பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். அதற்குக் கயிறு கட்டிய பெரியவர் கத்தியைக் கீழே வைத்தார். "புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்கே தெரியாது தம்பி. எல்லாம் கேயாஸ். கேயாஸ் வந்தால் தகவல் அழிந்துவிடும். அழிந்த பிறகு யார் கணிப்பது?" என்றார்.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். அவர் சொன்னது முழுத் தவறாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் பூசணிக்காயைத் தொடர்ந்திருப்பேன். பாதி சரியாக இருந்ததுதான் தொந்தரவு. புயலின் பாதையை வெகுநாள் முன்னால் சொல்ல முடியாததற்குக் கேயாஸ் காரணம் என்பது சரி. கேயாஸ் தகவலை அழிக்கிறது என்பது சரியில்லை. அழிக்கும் ஆள் வேறு. இருவரும் பெரும்பாலும் ஒரே வீட்டில் குடியிருப்பதால் ஒருவர் செய்த காரியத்துக்கு இன்னொருவர்மேல் பழி விழுகிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடு மடங்கு மடங்காகப் பெருகும் இயக்கம்தான் கேயாஸ். பாடநூல்கள் இதை 'ஒழுங்கின்மை' என்கின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. இங்கே வரும் பொருள்கள் எல்லாம் விதிக்கு அணுவளவும் பிசகாமல் நடப்பவை. ஒழுங்கில்லாமல் போவது நம் கணிப்புதான். ஆகவே கேயாஸ் என்றே எழுதுகிறேன்.

எட்டுப் பாத்திரமும் மூன்று கேள்வியும்

இயற்பியலில் 'தகவல்' என்றால் செய்தியோ அறிவோ அல்ல. எத்தனை சாத்தியங்களை விலக்கிவிட்டோம் என்ற கணக்கு. காவடி முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவோம். ரசத்தையும் சேர்த்தால் எட்டுப் பாத்திரம். அதில் ஏதோ ஒன்றில் சமையல்காரர் உப்புப் போட மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதில் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கேட்டால் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும்தான் பதில் சொல்வார்.

ஒவ்வொரு பாத்திரமாகக் கேட்டால் ஏழு கேள்விவரை ஆகலாம். "முதல் நான்கில் இருக்கிறதா?" என்று தொடங்கினால், எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். மூன்றே கேள்வி. இப்படிச் சாத்தியங்களைப் பாதியாக்கும் ஒரு பதிலின் அளவுக்குப் 'பிட்' என்று பெயர். உப்பில்லாத பாத்திரத்தைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவல் 3 பிட். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இல் தகவலை இப்படி அளக்கக் கற்றுக்கொடுத்தார். இன்று நம் கைபேசிகள் ஓடுவது இந்தக் கணக்கில்தான்.

இதை இடத்துக்கும் பொருத்தலாம். ஒரு மீட்டர் பலகையில் எங்கோ ஒரு கடுகு கிடக்கிறது. "0.3 மீட்டர் பக்கம்" என்றால் ஓர் இலக்கம் தெரிகிறது. "0.37" என்றால் இரண்டு. ஒவ்வோர் இலக்கமும் பத்துச் சாத்தியத்தில் ஒன்றைப் பொறுக்குகிறது, அதாவது சுமார் 3.3 பிட். துல்லியம் என்பது இலக்கங்களின் எண்ணிக்கை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மாவு பிசையும்போது தேவைப்படும்.

வாணலியில் கோலிக்குண்டு

முதலில் தகவல் உண்மையிலேயே தொலைகிற ஓர் இடத்துக்குப் போவோம். பெரிய வாணலி ஒன்றை அசையாமல் வைத்து, விளிம்பில் எங்காவது ஒரு கோலிக்குண்டை விடுங்கள். சுற்றும், ஏறும், இறங்கும், கடைசியில் அடியில் நிற்கும். இப்போது அறைக்கு வெளியே இருந்தவரைக் கூப்பிட்டு, "எந்த விளிம்பிலிருந்து விட்டேன்?" என்று கேளுங்கள். கிழக்கிலிருந்து விட்டாலும் மேற்கிலிருந்து விட்டாலும் குண்டு அதே அடியில்தான் கிடக்கிறது. அவரால் சொல்ல முடியாது.

தகவல் இழப்பு என்பது இதுதான்: பல தொடக்கங்கள் ஒரே முடிவில் வந்து சேர்வதால், முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்ப வழி இல்லாமல் போவது. கோலிக்குண்டுக்கு இதைச் செய்தது உராய்வு. இயக்கத்தை உறிஞ்சி வெப்பமாக்கிவிட்டது. வாணலியின் அணுக்களும் சுற்றியுள்ள காற்றும் எப்படி அதிர்கின்றன என்பதில் அந்தத் தொடக்கம் இன்னும் எழுதப்பட்டிருக்கிறது என்று வாதிடலாம், அது சரியும்கூட. ஆனால் குண்டை மட்டும் பார்ப்பவருக்கு அது போனது போனதுதான். அழிப்பதற்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதை இயற்பியலாளர் ரால்ஃப் லாண்டவர் 1961இல் காட்டினார். ஒரு பிட்டை அழிக்க வேண்டுமானால் குறைந்தது இவ்வளவு வெப்பத்தை வெளியே விட்டே ஆக வேண்டும் என்று ஒரு கட்டணம் இருக்கிறது. சாதாரண அறை வெப்பநிலையில், ஒரு ஜூல் ஆற்றலைக் கோடி கோடி கோடிப் பங்காக்கினால் அதில் ஏறத்தாழ மூன்று பங்கு. சிறிய கட்டணம், ஆனால் விலக்குக் கிடையாது.

இந்தக் காட்சியில் ஒன்றைக் கவனியுங்கள். தகவல் முழுக்கத் தொலைந்தது. ஆனால் குண்டின் எதிர்காலம் முழுக்கத் தெரியும்: அடியில் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டலாம். தகவல் இழப்பு கணிப்பைக் கெடுக்கவில்லை, சுலபமாக்கிவிட்டது. பெரியவரின் வாக்கியத்தில் முதல் விரிசல் இங்கேதான் விழுகிறது.

மாவில் வைத்த மஞ்சள் புள்ளி

இப்போது கேயாஸ். இதற்கு நம் தீவின் ஃபராட்டா (பரோட்டா) கடைகளைவிட நல்ல ஆய்வகம் கிடையாது. மாவைத் தேய்த்து நீட்டுவார்கள், எண்ணெய் தடவி மடிப்பார்கள், மறுபடியும் தேய்ப்பார்கள். நீட்டல், மடித்தல்: கேயாஸின் எந்திரம் முழுவதும் இந்த இரண்டு அசைவில் இருக்கிறது. கணிதவியலாளர்களும் இதற்கு 'ரொட்டிக்காரர் விதி' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ரொட்டிக் கடையை நினைத்தார்கள், நான் ஃபராட்டாவை நினைக்கிறேன்.

இலக்கங்களை எண்ண வசதியாக, கடையில் யாரும் செய்யாத மாதிரி ஒன்று செய்வோம். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள மாவுச் சதுரத்தைக் கற்பனை செய்யுங்கள். விதி இது: பத்து மடங்கு நீளமாக இழுக்க வேண்டும், அதனால் உயரம் பத்தில் ஒன்றாகும். பிறகு பத்துச் சம துண்டாக வெட்டி, முதல் துண்டு அடியில் வரும்படி வரிசையாக அடுக்க வேண்டும். மறுபடி ஒரு மீட்டர் சதுரம் வந்துவிடும். இந்த ஒரு சுற்றை 'மடிப்பு' என்றே சொல்வோம். மாவு ஒரு சிட்டிகைகூடக் கூடவில்லை, குறையவில்லை.

ஒரு மில்லிமீட்டர் மஞ்சள் புள்ளி ஒன்றை அதில் வைத்துவிட்டுத் தொடங்குவோம். ஒருமுறை செய்தால் அதன் நீளம் ஒரு சென்டிமீட்டர். இரண்டாம் முறை பத்து சென்டிமீட்டர். மூன்றாம் முறை ஒரு மீட்டர், மாவின் முழு நீளம். மூன்றே மடிப்பு! புள்ளிக்குள் அக்கம்பக்கமாக இருந்த இரண்டு துகள்கள் இப்போது எதிரெதிர் ஓரத்தில் இருக்கலாம். நுண்ணிய வேறுபாடு ஒவ்வொரு படியிலும் அதே மடங்கில் பெருகிக்கொண்டே போவதுதான் கேயாஸ். விதியில் சீட்டுக் குலுக்கல் எதுவும் இல்லை. அதே துகளை அதே இடத்தில் வைத்தால் அதே பாதையில்தான் போகும்.

சரி, தகவல் என்ன ஆனது? துகள் ஒன்றின் இடத்தை எண்ணால் எழுதிப் பார்ப்போம். இடப்பக்கத்திலிருந்து அதன் தூரம் 0.37284 மீட்டர். அடியிலிருந்து அதன் உயரம் 0.615 மீட்டர். பத்து மடங்கு இழுத்தவுடன் தூரம் 3.7284 ஆகிறது. வெட்டி அடுக்கும்போது அந்த 3 போய்விடுகிறது, புதிய தூரம் 0.7284. அந்த 3 எங்கே போனது? துண்டுகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணினால், துகள் இருந்த துண்டின் எண் அதுதான். எனவே அது எந்த அடுக்கில் உட்காருகிறது என்பதை அந்த 3 தீர்மானிக்கிறது. புதிய உயரம் 0.3615.

தூரத்தின் முன்னால் இருந்த இலக்கம் உயரத்தின் முன்னால் போய் நின்றுவிட்டது. அடுத்த படியில் 7 போகும்: தூரம் 0.284, உயரம் 0.73615. அதற்கடுத்து 2. ஓர் இலக்கம்கூட அழியவில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவே. பின்னோக்கி ஓட்ட வேண்டுமா? உயரத்தின் முதல் இலக்கத்தை எடுத்துத் தூரத்தின் முன்னால் வைத்துக்கொண்டே வாருங்கள். தொடங்கிய இடம் வந்துவிடும். கோலிக்குண்டில் இது நடக்காது.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். இழப்பு என்றால் பல தொடக்கங்கள் ஒன்றில் சேர்வது. கேயாஸ் என்றால் பக்கத்தில் இருந்தவை விலகி ஓடுவது. வாணலியில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. மாவில் இரண்டாவது உண்டு, முதலாவது இல்லை.

தொலைப்பவர் யார்

மாவு எதையும் தொலைக்கவில்லை என்றால், பிறகு ஏன் கணிக்க முடியாமல் போகிறது? ஏனென்றால் மாவிடம் எல்லா இலக்கமும் இருக்கிறது, நம்மிடம் இல்லை. நாம் அளந்தது ஐந்து இலக்கம். ஒவ்வொரு மடிப்பும் முன் வரிசையில் ஓர் இலக்கத்தை எடுத்துக்கொண்டு, பின்னால் இருந்ததை முன்னுக்குத் தள்ளுகிறது. ஐந்தாவது மடிப்பில் நம் கையிருப்பு தீர்ந்துவிடும். ஆறாவதாக முன்னால் வரும் இலக்கம் நாம் ஒருபோதும் அளக்காதது. துகள் இடது ஓரத்திலா வலது ஓரத்திலா என்பதையே அது தீர்மானிக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. கணிப்பவர் ஒவ்வொரு படியிலும் 3.3 பிட் 'இழக்கிறேன்' என்பார். பக்கத்தில் நின்று மாவைப் பார்த்துக்கொண்டே இருப்பவர், அதே படியில் 3.3 பிட் புதிதாகக் 'கிடைக்கிறது' என்பார், ஏனென்றால் முன்பு கண்ணுக்கு எட்டாமல் இருந்த இலக்கத்தை மாவே பெரிதாக்கி அவருக்குக் காட்டுகிறது. இருவரும் பேசுவது ஒரே எண்ணைப் பற்றி. சோவியத் கணிதவியலாளர்களான கொல்மகோரோவும் சினாயும் 1950களின் கடைசியில் இந்த எண்ணுக்குத் துல்லியமான வரையறை கொடுத்தார்கள். ஒரு நூலில் 'தகவல் உற்பத்தி' என்றும் இன்னொன்றில் 'தகவல் இழப்பு' என்றும் அதையே படித்துவிட்டு மாணவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். பாதிக் குழப்பம் இந்த இரட்டைப் பெயரால் வந்தது என்பது என் எண்ணம்.

பிழை எவ்வளவு வேகத்தில் பெருகுகிறது என்பதற்கு ரஷ்யக் கணிதவியலாளர் லியாப்புனோவ் பெயரில் ஓர் எண் உண்டு. சூத்திரத்தை விட்டுவிடுவோம். அதை 'பிழை இரட்டிக்க ஆகும் நேரம்' என்று புரிந்துகொண்டால் போதும். அந்த நேரம் தெரிந்தவுடன் ஒரு கசப்பான கணக்கு வருகிறது. ஒன்றைப் பத்துமுறை இரட்டித்தால் 1024. ஆகவே உங்கள் கருவிகளை ஆயிரம் மடங்கு துல்லியமாக்கினால், கணிப்பு ஆயிரம் மடங்கு நீளாது. பத்து இரட்டிப்பு நேரம் மட்டும் கூடும். ஆயிரம் மடங்கு செலவுக்குப் பத்துப் படி.

கணினி வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 0.1 என்ற எண்ணை எடுத்து இரட்டியுங்கள். ஒன்றோ அதற்கு மேலோ வந்தால் முழு எண்ணை எறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டு தொடருங்கள். பெரும்பாலான கணினி மொழிகளில், வழக்கமான தசம எண் வகையில், 55ஆவது படியில் விடை பூச்சியம் ஆகிவிடும். அதற்குப் பிறகு பூச்சியம்தான், பூச்சியம்தான். காகிதத்தில் செய்தால் 0.2, 0.4, 0.8, 0.6 என்று முடிவில்லாமல் சுற்றும். கணினி 0.1ஐ ஒரு குறிப்பிட்ட பிட் எண்ணிக்கையோடு நறுக்கித்தான் வைத்திருக்கிறது. இரட்டிப்பு அவற்றை ஒவ்வொன்றாக முன்னால் கொண்டுவந்து எறிந்தது. தீர்ந்ததும் காட்ட ஒன்றும் இல்லை. இந்த விளையாட்டில் எறியப்பட்ட முழு எண்ணைச் சேர்த்துவைக்க உயரம் என்று ஒரு கணக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள். எனவே இதில் கேயாஸும் உண்டு, இழப்பும் உண்டு. மாவுக்கும் இதற்கும் வித்தியாசம் அந்த ஒரு கணக்குப் புத்தகம்தான்.

லாரன்ஸ் தொலைத்த மூன்று இலக்கம்

பட்டாம்பூச்சி சிறகடித்தால் எங்கோ புயல் வரும் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் உள்ள உண்மை நிகழ்ச்சி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை அறிஞர், பன்னிரண்டு சமன்பாடுகளால் ஆன ஒரு பொம்மை வானிலையைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய ஓட்டம் ஒன்றை நடுவிலிருந்து மறுபடி பார்க்க நினைத்து, அச்சுத்தாளில் இருந்த எண்களைத் தட்டச்சு செய்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பழைய ஓட்டமும் புதிய ஓட்டமும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாத அளவுக்கு விலகியிருந்தன.

கணினி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். காரணம் வேறு. கணினி தன் நினைவில் ஆறு இலக்கம் வைத்திருந்தது. அச்சில் இடம் மிச்சம் பிடிக்க மூன்று இலக்கம் மட்டும் அடித்தது. 0.506127 என்று உள்ளே இருந்தது தாளில் 0.506. வேறுபாடு 0.000127. அந்தப் பொம்மை வானிலையில் வேறுபாடு ஏறத்தாழ நான்கு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தது. 0.000127ஐப் பதின்மூன்று முறை இரட்டித்தால் ஒன்றைத் தாண்டும். பதின்மூன்று நாலு ஐம்பத்திரண்டு நாள். இரு ஓட்டங்களும் இரண்டாம் மாதத்தில் ஒற்றுமையை முழுக்க இழந்தன என்று லாரன்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்ததோடு இது பொருந்துகிறது.

இந்தக் கதையில் தகவல் அழிந்த இடம் எது? அச்சுத்தாள். 0.505500க்கும் 0.506499க்கும் இடையில் உள்ள ஆயிரம் எண்களும் தாளில் ஒரே 0.506 ஆகிவிட்டன. பல தொடக்கங்கள் ஒன்றில் சேர்வது, வாணலி வேலை. பிறகு வந்த கேயாஸ் எதையும் அழிக்கவில்லை. அழிந்துபோன மூன்று இலக்கத்தின் இல்லாமையைப் பெரிதாக்கிக் காட்டிக்கொடுத்தது. களவு நடந்த வீட்டில் விளக்கேற்றியவரைத் திருடன் என்று பிடிப்பதுபோல் நாம் கேயாஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கோடி ஆண்டுக்கு ஒரு மடிப்பு

மாவு கற்பனைதானே, உலகத்தில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்கலாம். வானத்தில் உண்டு. கோள்கள் சுற்றும் வெளியில் உராய்வு மிக மிகக் குறைவு. பிரெஞ்சு வானியலாளர் ஜாக் லஸ்கார் 1989இல், சூரியனுக்கு அருகில் உள்ள கோள்களின் இயக்கம் கேயாஸ் வகை என்று காட்டினார். பூமியின் இடத்தை இன்று 15 மீட்டர் பிழையோடு அளந்தால், அந்தப் பிழை ஏறத்தாழ ஒவ்வொரு கோடி ஆண்டிலும் பத்து மடங்காகி, பத்துக் கோடி ஆண்டில் 15 கோடி கிலோமீட்டர் ஆகும். அது சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம். நம் பத்து மடங்கு மாவேதான் இது. ஒரு மடிப்புக்கு ஒரு கோடி ஆண்டு. கோள்களோ தங்கள் கடந்த காலத்தை மறக்கவில்லை. இலக்கம் தீர்வது நமக்குத்தான்.

தேநீரில் கலந்த பால்

இங்கே யாராவது ஒருவர் கட்டாயம் குறுக்கிடுவார்: "தேநீரில் பாலைக் கலந்த பிறகு பிரிக்க முடியுமா? அது இழப்பு இல்லையா?" நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையில் மிகவும் கவனமாக நடக்க வேண்டிய இடமும் இதுதான்.

மாவுக்குத் திரும்புங்கள். மூன்று மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆகிவிட்டது. மேலும் சில மடிப்பில் மஞ்சள், மாவு முழுக்க ஓடும் எண்ணற்ற மெல்லிய இழைகளாகிவிடும். இழைகளின் மொத்தப் பரப்பு அன்று வைத்த புள்ளியின் பரப்பேதான். ஆனால் தள்ளி நின்று பார்ப்பவருக்கு மாவு முழுக்க ஒரே வெளிர்மஞ்சள். இழைகளைப் பிரித்துப் பார்க்கும் கண் நமக்கு இல்லை. தகவல் இருக்கிறது, படிக்க முடியாத அளவுக்குச் சிறிய எழுத்தில்.

உராய்வில்லாத எந்த இயக்கத்திலும் இந்தப் பரப்பு மாறாது என்பது பொது விதி. அதைச் சொல்ல 'நிலைவெளி' என்ற கருத்து வேண்டும். ஒரு பொருளின் இடம், வேகம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே புள்ளியாகக் குறிக்கும் கற்பனை வரைபடம் அது. நம் மாவுச் சதுரத்தை ஒரு சிறிய நிலைவெளியாக நினைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு பகுதி எப்படி நீண்டாலும் நெளிந்தாலும் அதன் மொத்த அளவு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியூவில் பெயரால் இதை லியூவில் தேற்றம் என்கிறார்கள்.

சிறிய எழுத்து என்று நான் சொல்வது வெறும் பேச்சு இல்லை என்பதற்கு ஓர் அழகான செய்முறை உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடி உருளைகள், நடுவில் கெட்டியான கிளிசரின், அதில் ஒரு சொட்டுச் சாயம். உள் உருளையை மெதுவாகச் சில சுற்றுச் சுற்றினால் சாயம் பரவி மறைந்தேவிடும். அதே அளவு பின்னோக்கிச் சுற்றினால் சொட்டு பழைய இடத்தில் மறுபடி தோன்றும். பிரிட்டிஷ் அறிஞர் ஜி.ஐ. டெய்லர் இதைச் செய்து காட்டியது புகழ்பெற்றது. முதன்முறை பார்த்தபோது நான் வாய்பிளந்து நின்றேன். இது கேயாஸ் இயக்கம் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் கையால் திருப்ப முடிகிறது. கேயாஸ் இருந்திருந்தால், திருப்பும் கையின் நடுக்கமே மடங்கு மடங்காகப் பெருகிச் சொட்டைச் சிதறடித்திருக்கும்.

உங்கள் வெனிலாத் தேநீரில் நடப்பது அதற்கும் ஒரு படி மேல். கரண்டி பாலை இழைகளாக இழுக்கிறது. இழைகள் போதுமான அளவு மெலிந்ததும் மூலக்கூறுகளின் ஓயாத முட்டிமோதல் மிச்ச எல்லைகளையும் அழித்துவிடுகிறது. கேயாஸ் எழுத்தைச் சிறிதாக்கிக் கொடுத்தது. மூலக்கூறுகள் அதைத் தேய்த்துவிட்டன. நடைமுறைக்கு அது இழப்பேதான், யாரும் திருப்பப் போவதில்லை. ஆனாலும் யார் எந்த வேலையைச் செய்தார் என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

(கருந்துளைக்குள் விழுந்த தகவல் என்ன ஆகிறது என்ற பெரிய சர்ச்சை வேறு. அது குவாண்டம் இயற்பியலின் வழக்கு. சிலர் அதையும் கேயாஸையும் ஒரே மூச்சில் பேசுவதால் இந்த அடைப்புக்குறி.)

காற்று என்ற கலவை

ஆக, புயல் எந்தக் கட்சி? இரண்டும். கடல்மேல் உரசி, மலையில் மோதி, விண்வெளிக்கு வெப்பத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும் வளிமண்டலம் ஒரு வாணலி. அதே சமயம் காற்றை ஓயாமல் நீட்டி மடிக்கும் ஃபராட்டாக் கல்லும் அதுதான். லாரன்ஸ் 1963இல் வெளியிட்ட மூன்று சமன்பாடுகளில் இந்த இரண்டும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. நிலைவெளியில் எங்கே தொடங்கினாலும் எல்லாப் பாதையும் ஒரே பகுதிக்குள் போய் விழுகிறது. அந்தப் பகுதிக்கு 'ஈர்ப்பான்' என்று பெயர். விழுந்த பிறகு, அதற்குள் பக்கத்துப் பக்கத்துப் பாதைகள் விலகி ஓடுகின்றன.

இதிலிருந்து நம் அன்றாட அனுபவம் ஒன்று விளங்கும். மொரீஷியஸில் புயல் பருவம் நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை என்று அடுத்த பத்து ஆண்டுக்கும் துணிந்து சொல்லலாம். இன்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமலே சொல்லலாம். காற்று தன் பழைய விவரங்களை மறந்து அதே ஈர்ப்பானுக்குத் திரும்பிவிடுவதால் அது முடிகிறது. இழப்பு தந்த வசதி அது. ஆனால் அடுத்த காவடியன்று க்யூர்ப்பிப் நகரில் மழை பெய்யுமா என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். அது நீட்டல் செய்யும் வேலை.

வானிலைக்கு இன்னொரு குரூரமும் உண்டு. இரட்டிப்பு நேரம் எல்லா அளவிலும் ஒன்றல்ல. புயல் அளவுச் சுழலில் பிழை இரட்டிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். ஒரு மேகத்துக்குள் அது நிமிடக் கணக்கு. அதைவிடச் சிறிய சுழிகளில் இன்னும் வேகம். ஆகவே அளவுகோலை எவ்வளவு நுணுக்கமாக்கினாலும், நுணுக்கமாக்கிய இடத்தில் பிழை இன்னும் வேகமாக ஓடி மேலே ஏறுகிறது. அன்றன்றைய வானிலையை இரண்டு வாரத்துக்கு மேல் கணிக்க இயலாது என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் காரணம் இது.

இதனால்தான் இன்றைய முன்கணிப்பு ஒற்றைக் கோடாக வருவதில்லை. ஐரோப்பிய வானிலை மையம் 1992இலிருந்து ஒரே நாளின் வானிலையைச் சற்றே வேறுபட்ட பல தொடக்கங்களிலிருந்து ஓட்டிப் பார்க்கிறது. பிற்பாடு அந்த எண்ணிக்கை 51 ஆகியது. தெரியாத இலக்கத்துக்கு ஐம்பத்தோரு ஊகத்தைப் போட்டு, எல்லாவற்றையும் மாவில் தள்ளிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் ஒன்றாகவே போனால் நம்பலாம். விசிறியாக விரிந்தால், விரிவின் அளவே இன்னும் எத்தனை பிட் கையிருப்பு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. நம் கடலின் புயல்களைக் கண்காணிக்கும் மண்டல மையம் பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கிறது. இங்கே வாக்வாவில் உள்ள நம் வானிலை நிலையத்திலிருந்து வரும் எச்சரிக்கை நான்கு வகுப்பாக ஏறி வருவதிலும் ஒரு நியாயம் தெரிகிறது: புயல் நெருங்க நெருங்க, மிச்சம் உள்ள மடிப்புகளின் எண்ணிக்கை குறைகிறது.

அன்று மடப்பள்ளியில் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. கோலிக்குண்டையும் மாவையும் மட்டும் சொன்னேன். பெரியவர் பூசணித் துண்டுகளைத் தண்ணீரில் போட்டபடியே கேட்டுக்கொண்டார். பிறகு என் கைபேசியை வாங்கி, படத்தில் விரிந்திருந்த விசிறியை வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம தீவு எங்கே இருக்கிறது?"

"ஓரத்தில், ஐயா. ஐந்தில் ஒரு கோடு நம் மேல் வருகிறது."

"நாளைக்கு?"

"நாளைக்கு இந்த விசிறி இன்னும் குறுகியிருக்கும்."

"நாளைக்குக் காற்றில் ஏணி நிற்காது" என்றார். பெரியவரும் நானும் இன்னும் இரண்டு பேரும் இருட்டுவதற்குள் பந்தலைப் பிரித்துக் கட்டி உள்ளே வைத்தோம். புயல் வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கடந்துபோனது. எங்களுக்கு இரண்டு நாள் மழை மட்டும் வந்தது. காவடிக்கு முந்தின நாள் காலையில் கழியெல்லாம் மறுபடி வெளியே வந்தது. "யார் பிரிக்கச் சொன்னது?" என்று இளைஞன் ஒருவன் முணுமுணுத்தான். பெரியவர் என்னைப் பார்த்தார், கயிற்றின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தார், இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்.